மாதிரி இழுவைப் படகின் 7.2 வோல்ட் பேட்டரி பேக்கைப் பிரித்து மாற்றியமைப்பது எப்படி?

துறைமுகத்தான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 75 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் கொண்ட ஃபைபர் உடல் இழுவைப் படகு மாதிரி ஒன்று இருக்கிறது. உள்ளே 540 வகை பிரஷ் மோட்டாரும், 60 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தியும் பொருத்தப்பட்டுள்ளன. மின்சாரத்துக்கு ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்குகள் இரண்டை வைத்து, ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்கிறேன். புதிதாக வாங்கியபோது இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் ஓடின. இப்போது நாற்பது நிமிடம் தாண்டுவதே பெரிய காரியமாகிவிட்டது.

வாட் மீட்டரை இடையில் மாட்டிப் பார்த்ததில், நிதான ஓட்டத்தில் 4 ஆம்பியரும், முழு வேகத்தில் 9 ஆம்பியரும், படகைக் கரையில் கட்டிவைத்து முழு வேகம் கொடுத்தால் 11 ஆம்பியரும் இழுக்கிறது. பேட்டரி வைக்கும் பெட்டி படகின் அடிப்பகுதியில் 140 மி.மீ. நீளம், 60 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் கொண்டது. இரண்டு பேக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் அடங்கும். சேர்த்து எடை 770 கிராம்.

பேக்கைப் பிரித்து மாற்றியமைக்கலாம் என்று நினைக்கிறேன். பழுதான செல்களை மட்டும் எடுத்துவிட்டுப் புதியவற்றை இணைக்கலாமா? இரண்டு பேக்குகளையும் நிரந்தரமாக இணையாகக் கட்டிவிடலாமா? பழைய மடிக்கணினி பேட்டரியிலிருந்து எடுத்த 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் கொண்ட உருளை) லித்தியம் செல்கள் சில கையில் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா? மூன்று லித்தியம் செல்களைத் தொடராக இணைத்து 11.1 வோல்ட் கொடுத்தால் இழுவை கூடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது சரிதானா? சால்டரிங் நன்றாக வரும். ஸ்பாட் வெல்டிங் செய்யும் கருவி என்னிடம் இல்லை, ஆனால் பேட்டரிக் கடை ஒன்றில் செய்து தருவார்கள்.

மின்பணியாளன்:

வணக்கம். எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை அளந்து சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்கள் இல்லாமல் யாரும் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

முதலில் நிக்கல் பேக்கைப் பற்றி. எந்த செல் பழுது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. பேக்கை முழுவதும் சார்ஜ் செய்து, மேலுறையைக் கவனமாகக் கீறி எடுத்துவிட்டு, கார் முகப்பு விளக்கின் 12 வோல்ட் 55 வாட் ஹாலோஜன் பல்பு ஒன்றை அதனுடன் இணையுங்கள். 7.2 வோல்ட்டில் அந்த பல்பு ஏறத்தாழ 3.5 ஆம்பியர் இழுக்கும். அது உங்கள் படகின் நிதான ஓட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால், அந்தச் சுமையிலேயே ஒவ்வொரு செல்லின் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வரலாம். நல்ல செல் நெடுநேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். தேய்ந்த செல் மற்றவற்றுக்கு வெகுமுன்பே 1 வோல்ட்டுக்குக் கீழே சரியும். அதற்குப் பிறகும் சுமை தொடர்ந்தால் சுழியத்தைக் கடந்து எதிர்க்குறிக்கே போய்விடும், அதாவது மற்ற ஐந்து செல்களும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்யத் தொடங்கிவிடும். அந்த நிலையில் செல்லுக்குள் ஹைட்ரஜன் வாயு உருவாகி, பாதுகாப்புத் துவாரம் வழியே வெளியேறும். மூடி ஒட்டப்பட்ட படகுக்குள், பக்கத்திலேயே பிரஷ் மோட்டார் பொறி பறக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த வாயு சேர்வதை நாம் சிறிதும் விரும்பக் கூடாது.

பழுதான ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுதான். புதிய செல்லின் கொள்ளளவு 3000 இருக்கும். கூட இருக்கும் ஐந்தும் 1500 அல்லது 1800-க்குத் தேய்ந்திருக்கும். தொடர் இணைப்பில் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது என்பதால், பேக்கின் ஓட்ட நேரத்தை முடிவு செய்வது எப்போதும் மிகப் பலவீனமான செல்தான். ஒன்றை மாற்றினால் அடுத்த பலவீனமான செல் அந்த இடத்துக்கு வந்துவிடும். இரண்டு பேக்குகளின் பன்னிரண்டு செல்களையும் அளந்து, ஒரே அளவு கொள்ளளவு மிச்சமுள்ள ஆறைத் தேர்ந்தெடுத்து ஒரு பேக் ஆக்குவது மட்டுமே பயனுள்ள வேலை. அது பழகுவதற்கான பேக்காக இன்னும் சில காலம் ஓடும்.

இணைப்பைப் பற்றி: இரண்டு பேக்குகளையும் தனித்தனியாக முழுக்கச் சார்ஜ் செய்து, ஓட்டும்போது மட்டும் ஒய் வடிவ வயரால் இணையாக இணைப்பதில் தவறில்லை. நிரந்தரமாகக் கட்டிவிட்டுச் சேர்த்தே சார்ஜ் செய்யக் கூடாது. நிக்கல் சார்ஜர், செல் நிறைந்ததும் மின்னழுத்தம் சற்றே இறங்குவதைப் பார்த்துத்தான் நிற்கிறது. இணையாக இருக்கும் இரண்டு பேக்குகளில் ஒன்று முன்னும் ஒன்று பின்னும் நிறையும்போது அந்த இறக்கம் மழுங்கிப்போய், சார்ஜர் நிற்காமல் தொடர்ந்து, பேக் கொதித்துவிடும். பழைய பேக்கில் ஒரு செல் ஷார்ட் ஆனால் மற்ற பேக் அதற்குள் மின்னோட்டத்தைக் கொட்டும் என்பதால், ஓட்டி முடித்ததும் கழற்றிவிடவும் வேண்டும்.

11.1 வோல்ட் வேண்டாம். புரொப்பெல்லர் நீரைத் தள்ளும் சுமை, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு உயர்கிறது. 7.2-லிருந்து 11.1-க்குப் போவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதே புரொப்பெல்லரை வைத்துக்கொண்டால் மின்னோட்டம் 2.4 மடங்குக்கும், மோட்டாருக்குள் போகும் திறன் மூன்றரை மடங்குக்கும் நெருங்கிவிடும். உங்கள் 9 ஆம்பியர் 20-ஐத் தாண்டும்; தண்ணீர்க் குளிர்ச்சி இல்லாத 540 மோட்டார் மூடிய உடலுக்குள் அதைத் தாங்காது. அத்துடன், நீர்மட்டக் கோட்டில் 70 செ.மீ. நீளமுள்ள, நீரைப் பிளந்து செல்லும் உடலுக்கு நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகமே இயல்பான எல்லை. கப்பல் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்துக் கப்பல்களின் அலைத்தடையைக் கணித்தார். நம் பொழுதுபோக்கின் படகுகள் பெரிய கப்பல்களுக்குப் பாடம் சொன்ன அந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது. நொடிக்கு 1 மீட்டர் என்ற அந்த எல்லைக்கு மேல் போகக் கொடுக்கும் திறன் எல்லாம் முன்னே ஓர் அலையை எழுப்பத்தான் செலவாகும். இழுவைதான் வேண்டும் என்றால் விட்டம் கூடிய புரொப்பெல்லரும் பல்சக்கரக் குறைப்பும் சரியான வழி; மின்னழுத்தம் அல்ல.

லித்தியம் பற்றி அதில் கை பழகியவர்கள் சொல்லட்டும்.

ஏரிக்கரை:

மடிக்கணினி செல்களில் தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். வேண்டாம். அவை கொள்ளளவுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஒரு செல்லிலிருந்து சில ஆம்பியருக்கு மேல் எடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல ஆண்டுகள் வெப்பத்தில் கிடந்து உள்தடை உயர்ந்த பின், அவற்றை இணையாகக் கட்டினால் ஒவ்வொன்றும் சுமையை வெவ்வேறு அளவில் பங்கிடும். கைவிளக்குக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படகுக்குப் பொருத்தமானவை, அதிக மின்னோட்டம் தரும் புதிய 18650 செல்கள். சாம்சங் 25ஆர் அதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு: 2500 மில்லி ஆம்பியர்-மணி, தொடர்ந்து 20 ஆம்பியர். இரண்டு தொடர், மூன்று இணை என்று ஆறு செல்கள் வைத்தால் 7.2 வோல்ட், 7500 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். முழு வேகத்தின் 9 ஆம்பியர் மூன்றாகப் பிரிந்து செல்லுக்கு 3 ஆம்பியர்தான் ஆகிறது. செல் சூடாகக்கூடச் செய்யாது. உங்கள் நிதான ஓட்டத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 18650 அளவில் நம்பகமான செல்களின் கொள்ளளவு 3500-ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. உறையில் 5000 என்றோ 9900 என்றோ அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல செல் 45 கிராமை ஒட்டி எடை காட்டும். போலிகள் பெரும்பாலும் கையில் எடுத்ததுமே இலேசாகத் தெரியும்.

பேக்கை மும்மூன்றாக இரண்டு அடுக்குகளில் கட்டுங்கள். மேலடுக்கின் நேர்முனைகள் வலப்பக்கமும், கீழடுக்கின் நேர்முனைகள் இடப்பக்கமும் நோக்கியிருக்க வேண்டும். வலப்பக்கத்தில் மேலும் கீழும் நிக்கல் பட்டையால் சேர்ந்துவிடும். இடப்பக்கத்தில் மேலே பேக்கின் எதிர்முனையும் கீழே நேர்முனையும் வந்து நிற்கும். முடிவில் 70 மி.மீ. நீளம், 57 மி.மீ. அகலம், 38 மி.மீ. உயரம் கொண்ட ஒரு கட்டி கிடைக்கும்.

அந்த இடப்பக்கத்தில்தான் உங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். 18650 செல்லின் நேர்முனைப் பொத்தானை உற்றுப் பாருங்கள்: செல்லின் உலோகக் குடுவை முழுவதும் எதிர்முனை, அது மேலே வளைந்து, பொத்தானைச் சுற்றியுள்ள விளிம்புவரை வந்து நிற்கிறது. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே இருப்பது சிறிய ஒரு இடைவெளியும், அந்த விளிம்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. நேர்முனையிலிருந்து கிளம்பும் நிக்கல் பட்டை அந்த விளிம்பின் மேல்தான் செல்கிறது. படகு அதிர அதிரப் பட்டையின் ஓரம் உறையை அறுத்தால், செல் தன்னைத் தானே ஷார்ட் செய்துகொள்ளும். பட்டை வைப்பதற்கு முன் ஒவ்வொரு நேர்முனையிலும் வளைய வடிவக் காப்புத்தாள் ஒட்டுவது கட்டாயம். கடைக்காரர் அவசரத்தில் விட்டுவிடாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். உங்கள் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், எதிர்முனையின் தட்டையான அடி வெப்பத்தை உறிஞ்சி உள்ளே இருக்கும் பிரிப்புத் தாளுக்குக் கொண்டுபோய்விடும். வயரை முதலில் நிக்கல் பட்டையில் சால்டர் செய்துகொண்டு, ஆறிய பிறகு அந்தப் பட்டையை செல்லில் ஸ்பாட் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பட்டை 0.15 மி.மீ. தடிமனும் 8 மி.மீ. அகலமும் கொண்ட தூய நிக்கலாக இருக்கட்டும். மொத்த மின்னோட்டமும் சேரும் இரண்டு முனைகளிலும் பட்டையை இரட்டையாக வையுங்கள். நிக்கல் பூசிய இரும்புப் பட்டையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஒரு துண்டை உப்புத்தாளால் தேய்த்து, உப்புத் தண்ணீரில் ஓரிரவு போட்டுவைத்தால், இரும்பு துருவைக் காட்டிக்கொடுத்துவிடும்; ஈரத்தோடு வாழப்போகும் பேக்குக்கு இந்தச் சோதனை இரட்டிப்பாக அவசியம். ஆறு செல்களின் மின்னழுத்தமும் இணைப்பதற்கு முன் சில மில்லி வோல்ட்டுகளுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒன்று 4.2-லும் மற்றொன்று 3.6-லும் இருக்கும் நிலையில் இணையாக இணைத்தால், தொட்ட கணத்தில் பத்து ஆம்பியருக்கு மேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும்.

இனி, பலரும் நினைத்துப் பார்க்காத எடை விஷயம். உங்கள் பழைய பேக்குகள் 770 கிராம். புதிய பேக் வயரோடு சேர்த்து 300 கிராம். படகின் அடியில், மிகத் தாழ்வான இடத்தில் இருந்த 470 கிராம் காணாமல் போகிறது. நீர்மட்டத்தில் உங்கள் படகின் பரப்பு ஏறத்தாழ 1100 சதுர செ.மீ. இருக்கும் என்று கொண்டால், படகு 4 மி.மீ. மேலே எழும்பும். அதைவிட முக்கியமாக, உயரமான மேல்கட்டும் புகைபோக்கியும் கொண்ட இழுவைப் படகு தன் ஈர்ப்பு மையத்தை மேலே இழுத்துக்கொள்ளும். திருப்பத்தில் சாய்ந்தால் நிமிர நேரமெடுக்கும், புரொப்பெல்லரும் நீரின் மேல்மட்டத்துக்கு நெருங்கிக் காற்றை உறிஞ்சும். பந்தயப் படகுக்கு எடை குறைவது வரம். உங்களுக்கு அது இழப்பு. பேட்டரிப் பெட்டியின் தரையளவுக்கு 5 மி.மீ. தடிமனில் ஈயத் தகடு ஒன்றை வெட்டிப் போட்டால் அதே 470 கிராம் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். பேக் 38, தகடு 5. உங்கள் 50 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும். பெட்டியின் நீளத்தில் பாதி காலியாக இருப்பதால் பேக்கை முன்னும் பின்னும் நகர்த்தி, படகு மட்டமாக மிதக்கும் இடத்தில் நுரை வைத்து இறுக்கிவிடலாம். ஈயத்தின் மேல் எபாக்சி பூசி மூடுங்கள். வெறும் ஈயமும் பேட்டரி முனைகளும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது.

வெண்கொடி:

ஏரிக்கரை சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆயினும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களையும் எண்ணிப் பாருங்கள் என்பேன். பள்ளியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குக் கப்பல் மாதிரிகள் செய்யக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வது வழக்கம். பிள்ளைகள் கையாளும் பேக்கில், முரட்டுத்தனமாக நடத்தினாலும் எளிதில் தீப்பற்றாத வேதியியல் இருப்பது மனத்துக்கு நிம்மதி தருகிறது. 26650 அளவில் நான்கு செல்களை இரண்டு தொடர், இரண்டு இணையாக, தட்டையாகக் கட்டினால் 135 மி.மீ. நீளத்திலும் 53 மி.மீ. அகலத்திலும் உங்கள் பெட்டிக்குள் அமரும். 6.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டி. எடை 300 கிராம். ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சாதாரண லித்தியம் அமைப்பில் உள்ள வேகக் கட்டுப்படுத்தி செல்லுக்கு 3 வோல்ட்டை ஒட்டித் திறனைக் குறைத்துவிடும். இந்த செல்கள் சுமையில் 3.1, 3.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் நிற்பவை என்பதால், முழு வேகம் கொடுக்கும்போது பாதிச் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே படகு தளர்ந்துபோகக்கூடும். இந்த வகைக்கான தனி அமைப்பு உங்கள் கட்டுப்படுத்தியில் இருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

துறைமுகத்தான்:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. என் கட்டுப்படுத்தியில் நிக்கல், லித்தியம் என்று இரண்டே தேர்வுகள் உள்ளன. சிறிய ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் துண்டு) ஒன்றை இடம் மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே ஏரிக்கரை சொன்ன ஆறு செல் பேக்கையே செய்யப்போகிறேன். இரண்டு ஐயங்கள் மிச்சம். பேட்டரிக் கடைக்காரர் பேக்குக்குள்ளேயே 10 ஆம்பியர் பி.எம்.எஸ். (எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பேட்டரிப் பாதுகாப்பு) பலகை ஒன்றை வைத்துத் தருவதாகச் சொல்கிறார், வைக்கலாமா? சார்ஜ் செய்ய, தொடரிலுள்ள செல்களின் மின்னழுத்தத்தைச் சமப்படுத்தும் பி6 வகை பேலன்ஸ் சார்ஜர் வைத்திருக்கிறேன், அது போதுமா?

மின்பணியாளன்:

10 ஆம்பியர் பலகை கண்டிப்பாக வேண்டாம். நீங்களே 11 ஆம்பியர் அளந்திருக்கிறீர்கள். நம் ஊர் ஏரிகளில் ஆகாயத்தாமரை வேர் புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டால் மோட்டார் நின்றுபோய், அந்தக் கணத்தில் மின்னோட்டம் பல பத்து ஆம்பியருக்கு எகிறும். பலகை உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். மோட்டார் மட்டும் நின்றால் பரவாயில்லை. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரும் சுக்கானும் அதே பேக்கிலிருந்து, வேகக் கட்டுப்படுத்தியின் வழியாகத்தான் மின்சாரம் பெறுகின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டால் சுமையைக் குறைத்து வேரை உதறிவிடக்கூட வழியின்றி, படகு ஏரியின் நடுவில் காற்றடித்த பக்கம் போய்க்கொண்டிருக்கும். காற்று எதிர்க்கரைக்குக் கொண்டுபோகும் என்று நம்பி யாரும் நீரில் இறங்க வேண்டாம். படகை எடுக்கப்போய் உயிருக்கு ஆபத்து வருவதைவிடப் படகு போகட்டும்.

எனவே யார் முதலில் நிறுத்துவது என்ற வரிசையை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் வேகக் கட்டுப்படுத்தி: ஜம்பரை லித்தியத்தில் வைத்தால், பேக் தீரும் தறுவாயில் மோட்டாரின் திறனை மட்டும் குறைத்து, சுக்கானுக்கு மின்சாரத்தை விட்டுவைக்கும், நீங்கள் மெதுவாகக் கரைக்கு வந்துவிடலாம். ஜம்பர் நிக்கலிலேயே இருந்துவிட்டால் செல்கள் இறக்கும்வரை அது ஓட்டிக்கொண்டே இருக்கும், ஆகவே முதல் ஓட்டத்துக்கு முன் இதைச் சரிபாருங்கள். அடுத்து ஃப்யூஸ்: கார்களில் வரும் நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸை, பேக்கின் நேர்முனையிலிருந்து பத்து செ.மீ.க்குள் வையுங்கள், வயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் அது காப்பாற்றும். பி.எம்.எஸ். வைத்தே ஆக வேண்டும் என்றால் 30 ஆம்பியருக்குக் குறையாததாக, வெட்டும் மின்னழுத்தம் கட்டுப்படுத்தியின் எல்லைக்குக் கீழே இருப்பதாகப் பாருங்கள். உங்களைப் போல பேலன்ஸ் சார்ஜர் வைத்திருப்பவருக்கு அது இல்லாமலே சரிப்படும். எதிர்முனை, நடுமுனை, நேர்முனை என மூன்று மெல்லிய வயர்களை மூன்று ஊசி பேலன்ஸ் இணைப்பியில் கொண்டுவந்தால் போதும்.

ஃப்யூஸ் போனாலும் சுக்கான் போய்விடுமே என்று கேட்பீர்கள். அதற்கு ரிசீவருக்கு நான்கு ஏ.ஏ. நிக்கல் செல்கள் கொண்ட 4.8 வோல்ட் பேக்கைத் தனியாக வைப்பதே முழுமையான தீர்வு. அப்படிச் செய்யும்போது, கட்டுப்படுத்தியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயர் இணைப்பியில் நடுவிலுள்ள சிவப்பு வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மின்மூலங்கள் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்.

பி6 சார்ஜர் தாராளமாகப் போதும். லித்தியம் அயான் என்ற தேர்வில் அது செல்லுக்கு 4.1 வோல்ட்டிலும், லித்தியம் பாலிமர் தேர்வில் 4.2 வோல்ட்டிலும் நிற்கும். 4.1-லேயே நிறுத்துங்கள், ஓட்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் செல்களின் ஆயுள் நன்றாகக் கூடும். 3 ஆம்பியரில், பேலன்ஸ் இணைப்பியை மாட்டி, பேக்கைப் படகிலிருந்து வெளியே எடுத்து, சிமெண்டுத் தரையிலோ ஓட்டின் மேலோ வைத்து, நீங்கள் அருகில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். நிக்கல் தேர்வில் மட்டும் இந்தப் பேக்கை ஒருபோதும் மாட்டாதீர்கள்: லித்தியம் செல்லில் அந்தச் சிறு மின்னழுத்த இறக்கம் வரவே வராது என்பதால் சார்ஜர் அதற்காகக் காத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போகும். பழைய டாமியா வகை இணைப்பிகளை எக்ஸ்டி60 வகை இணைப்பிகளாக மாற்றப்போகிறீர்கள் என்றால், நிக்கல் பேக்குகளில் பழைய இணைப்பியையே விட்டுவையுங்கள். இரண்டு வகைப் பேக்குகளுக்கும் இணைப்பி வேறாக இருந்தால், தவறான தேர்வில் மாட்டும் வாய்ப்பு அங்கேயே குறைந்துவிடும்.

மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஓட்டாமல் வைக்கும்போது செல்லுக்கு 3.7 அல்லது 3.8 வோல்ட்டில் நிறுத்தி, பேக்கை வெளியே எடுத்து, படகின் மூடியைத் திறந்தே வையுங்கள். உள்ளே தேங்கும் ஈரம்தான் பேலன்ஸ் இணைப்பியின் ஊசிகளைப் பச்சை பூக்க வைக்கிறது.